ராணி மேகாவதியின் விளக்குப் பாட்டு

சோனூபாய் மண்ட்ரேகர் யாரையாவது மன்னித்து நான் பார்த்ததில்லை. ஒரே சாலில், மாடிக்கு மாடி ஒற்றை அறைகளாக அடுக்கிய மில் ஆட்கள் கட்டடத்தில், அடுத்தடுத்த அறையில் பாதி ஆயுசைக் கழித்தவள் சொல்கிறேன். நாறிப்போன பாங்டா மீனை நல்ல மீன் என்று அவள் தலையில் கட்டிய மீன்காரி எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருந்தாள். அவளை ஒரு மழைக்காலம் முழுக்க சோனு விட்டுவைத்தாள். சிரித்துப் பேசினாள், கூப்பிட்டு டீகூடக் கொடுத்தாள். மழை விட்டதும் மீன்காரியின் மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் படியேறும் நேரம் பார்த்துப் படிக்கட்டிலேயே நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த மீன் கதையை முதலிலிருந்து கடைசிவரை எனக்குச் சொன்னாள். எனக்கு அது ஏற்கெனவே தெரியும். சம்பந்தம் கலைந்துபோனது. "கலைஞ்சா கலையட்டும். நான் வாந்தி எடுத்தப்ப எவ வந்து முதுகைத் தடவுனா?" என்றாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், படத்துக்கு மெட்டுப் போடும் நரஹரி மாஸ்தர் வம்பை விலைக்கு வாங்கினார்.

அப்போது நாங்கள் இருவரும் பரேலில் இருந்த ஒரு படக் கம்பெனியில் தோழிகளாக வேலை பார்த்தோம். தோழிகள் என்றால் ராணிக்குத் தோழிகள். சரித்திரப் படங்கள்தான் அந்தக் கம்பெனிக்குச் சோறு போட்டன. படத்துக்குப் படம் கோட்டை மாறும், ராஜா மாறுவார், எதிரியின் தாடி மாறும். நாங்கள் மட்டும் அதே ஜரிகைப் பாவாடையில், அதே சாமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கூட்டமாகப் பாடச் சொன்னால் பாடுவோம், அழச் சொன்னால் அழுவோம். எனக்கு அழுகை நன்றாக வரும். சோனுவுக்கு வராது. அவளை எப்போதும் பின்வரிசையில் நிறுத்துவார்கள்.

அந்த வருஷம் எடுத்த படம் 'மேகாவதி'. ராஜா போருக்குப் போயிருக்கிறார். எதிரி கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டான். கோபுரத்தில் ராணி விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். விளக்கு எரிகிறவரை கோட்டை விழவில்லை என்று அர்த்தம். அங்கே அவள் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது முடிந்ததும் தீயில் இறங்கிவிடுவாள். கம்பெனி முதலாளி சேட் தன் நகைக்கடைப் பணத்தையெல்லாம் இந்தப் படத்தில்தான் கொட்டியிருந்தார். அந்த ஒரு பாட்டில் ஜனங்கள் அழவில்லையென்றால் படம் எழுந்திருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

பாட்டுதான் அமையவில்லை. நரஹரி மாஸ்தர் நாடக மேடையில் பெரிய பெயர் எடுத்துவிட்டு வந்தவர். பட்டுத் தலைப்பாகை, தங்கப் பொத்தான், வாய் நிறைய வெற்றிலை. சாரங்கிக்காரர் ஒரு இழுப்புத் தவறினால் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார். ஒருமுறை பித்தளைத் தம்ளர் பறந்து போய் அந்த மனிதரின் புருவத்தைக் கிழித்தது. அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அதே இடத்திலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று. அப்பேர்ப்பட்ட மாஸ்தர் மெட்டு மேல் மெட்டாகப் போட்டார். சேட் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, "கல்யாண ஊர்வலத்துக்கு நல்லாயிருக்கும்" என்றார். அன்றைக்கெல்லாம் மாஸ்தரின் பக்கம் ஒருவரும் போகமாட்டோம்.

ஒரு மதியம் சோனு அட்டைக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, பிரிந்துபோன ஜரிகையைத் தைத்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வந்த மாஸ்தர் நின்றுவிட்டார். வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து நின்றார். "திரும்பப் பாடு" என்றார். பாடினாள். மறுபடி பாடச் சொன்னார். அந்த மனிதரின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன்.

அது சோனுவின் அம்மா ருக்மாபாயின் பாட்டு. ருக்மாபாய் கோவாப் பக்கம் கடலோரத்தில் ஒரு கோயிலின் பாடகி. பல்லக்கு ஊர்வலம் முடிந்து, தீவட்டியெல்லாம் அணைந்து, சுவாமி முன்னால் ஒரு விளக்கு மட்டும் மிச்சமிருக்கும்போது பாடுவதற்காக அவளே கட்டிய பாட்டு. சொல்லும் அவளுடையது, மெட்டும் அவளுடையது. 'விளக்கே, இன்னும் கொஞ்சம் பொறு. போனவர் வரும்வரை அணையாதே' என்று தொடங்கும். சோனுவுக்கு அப்பா என்று யாரும் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. போனவர் யார் என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தச் சமயம் ருக்மாபாய்க்குக் கால் விழுந்திருந்தது. மகளின் அறையில் ஜன்னலோரம் படுத்தபடி, கட்டடத்தில் யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்வாள்.

மாஸ்தர் அதை ராணியின் பாட்டுக்குக் கேட்டார். சோனு பணம் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "பாட்டு எங்க ஆயியோடது. இசைத்தட்டுல அவ பேரு வரணும். என் பேரு வேணாம், பாடுறது நானா இருந்தாலும் வேணாம். ருக்மாபாய் மண்ட்ரேகர்னு வரணும்."

மாஸ்தர் ஹார்மோனியத்தின் மேல் கை வைத்தார். "வாத்தியத்து மேல சத்தியம்" என்றார்.

பாட்டை எடுத்த நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ராணியாக நடித்தவள் இந்திரலேகா. நிஜப் பெயர் மிஸ் ரூபி. நல்ல பெண். ஆனால் அவள் பாடினால் குதிரை கனைத்தது போல இருக்கும். அதனால் அவள் விளக்குமுன் உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த துளசி மாடத்துக்குப் பின்னால் சோனு குந்திக்கொண்டு பாடுவாள். தபலாக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால், சாரங்கிக்காரர் இன்னொரு தூணுக்குப் பின்னால். மாஸ்தர் தன் ஹார்மோனியத்தோடு சிம்மாசனத்துக்கு அடியில் படுத்திருந்தார். கூரையில் இருந்த புறாக்களைத் துப்பாக்கிச் சத்தம் போட்டு விரட்டினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். விளக்குச் சூட்டில் எல்லோரும் வெந்துகொண்டிருந்தோம். நடுவில் ஒருவர் தும்மினாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

யாரும் தும்மவில்லை. சோனு பாடி முடித்தபிறகு கேமராக்காரர் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார். இந்திரலேகா நிஜமாகவே அழுதாள். சேட் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மாஸ்தரைக் கட்டிப் பிடித்தார். துளசி மாடத்துக்குப் பின்னால் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவளை நான்தான் தூக்கிவிட்டேன்.

படம் வெளிவர இன்னும் நாளிருந்தது. முதலில் இசைத்தட்டு கம்பெனிக்கு வந்தது. சோனு கெஞ்சிக் கூத்தாடி ஒன்றை வாங்கி வந்தாள். எங்களில் யாரிடமும் கிராமபோன் இல்லை. தட்டை மட்டும் அம்மாவின் மடியில் வைத்தாள். ருக்மாபாய்க்கு எழுத்துத் தெரியாது. நடுவில் இருந்த காகிதத்தை விரலால் தடவித் தடவி, "என் பேரு எங்கடி இருக்கு? மேலயா, கீழயா?" என்று கேட்டாள்.

மேலே 'ராணி மேகாவதி' என்று இருந்தது. கீழே 'இசை: நரஹரி மாஸ்தர்' என்று இருந்தது. அந்த நாளில் அதுதான் வழக்கம். கதையில் யார் பாடுகிறாளோ அவள் பெயரைத்தான் தட்டில் போடுவார்கள். தொண்டை யாருடையது, மெட்டு யாருடையது என்று எவனும் கேட்பதில்லை. சோனு பொய் சொல்லவில்லை. இருந்ததை அப்படியே படித்துக் காட்டினாள்.

"யாருடி இந்த ராணி?" என்றாள் ருக்மாபாய்.

அவ்வளவுதான் கேட்டாள். ஆனால் விரலை மட்டும் அந்தக் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை. மன்னிப்பது பெருந்தன்மை என்று எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் யாரும் அந்த விரலைப் பார்த்ததில்லை. அதே வாரம் ஒரு பத்திரிகையில் மாஸ்தர் பேசியிருந்தார். நர்மதைக் கரையில் விடியற்காலையில் தியானத்தில் இருந்தபோது இந்த மெட்டு தனக்குத் தானாக இறங்கி வந்ததாம்.

மறுநாள் சோனு நேராக ஒத்திகை அறைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். வாத்தியக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவள் சண்டை போடவில்லை. சத்தியத்தை மட்டும் நினைவுபடுத்தினாள். தட்டை மறுபடி அச்சடிக்க முடியாவிட்டால், படத்தின் பாட்டுப் புத்தகத்திலாவது அம்மாவின் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டாள். மாஸ்தர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"கோயில் வாசல்ல ஆடுற கூட்டத்துக்குப் பேரு ஒரு கேடா?" என்றார். "சேத்துல கெடந்ததை எடுத்துக் குளிப்பாட்டி சிம்மாசனத்துல உட்கார வச்சிருக்கேன். கும்பிட்டுட்டுப் போவியா, பங்கு கேட்டு வந்து நிக்கிறே."

வாத்தியக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். சோனு அவரைக் கும்பிட்டாள். நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மீன்காரிக்கு டீ கொடுத்தவளாயிற்றே.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "சிம்மாசனத்துல உட்கார வச்சிருக்கானாம். எறக்கிக் காட்டுறேன் பாரு" என்றாள். எப்படி என்று கேட்டேன். ஹோலி எப்போது வருகிறது என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

மேகாவதி வெளியாகவிருந்தது குடி பாட்வா அன்று, புது வருஷப் பிறப்பில். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் ஹோலி. ஹோலி என்றால் வர்ணம் பூசிக்கொள்கிற பெரிய வீட்டு ஹோலி எங்களுடையதல்ல. மில் ஆட்களின் பக்கத்தில் அது ஷிம்கா. அந்த நாட்களில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக டோல் அடித்துக்கொண்டு, புறங்கையால் வாயில் அடித்துக் கூவிக்கொண்டு, கேட்கக் காது கூசும் பாட்டுகளைப் பாடிப் போவார்கள். மேஸ்திரியைப் பற்றிப் பாடலாம், வட்டிக்காரனைப் பற்றிப் பாடலாம். ஒருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு நல்ல ஷிம்கா பாட்டு கிடைத்தால் லால்பாகிலிருந்து வர்ளிவரை ஒரே நாளில் பற்றிக்கொள்ளும். பிறகு அதை யாராலும் அணைக்க முடியாது.

கீழ்த்தளத்தில் இருந்த நெசவு மில் ஆள் பாண்டு கதம்தான் எங்கள் பக்கத்து ஷிம்கா கூட்டத்துக்குத் தலைவன். குரல் கரகர என்றிருந்தாலும் கூட்டத்தைக் கட்டி இழுக்கத் தெரிந்தவன். சோனு அவனைக் கூப்பிட்டு, இந்த வருஷத்துக்குப் பாட்டு இருக்கிறதா என்று கேட்டாள். போன வருஷத்துப் பாட்டுதான் என்றான். புதிதாக ஒன்று தருகிறேன், ஆனால் யார் கொடுத்தது என்று மூச்சு விடக்கூடாது என்றாள்.

அறைக்கு வந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. "சோனு, அது உன் ஆயி பாட்டுடி. சுவாமி முன்னால பாடுனது. அதையா எடுத்து ஷிம்காவுல விடப்போறே?" என்றேன். ருக்மாபாய் தூங்குகிறாள் என்று நினைத்துத் தணிந்த குரலில்தான் சொன்னேன்.

"அது இப்ப எங்க பாட்டு இல்லடி. அவன் பாட்டு. தட்டுல போட்டிருக்குல்ல" என்றாள் சோனு.

எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒரு கக்கூஸ்தான். விடிந்தால் தகர டப்பாவில் தண்ணீரோடு வரிசை மாடிப்படிவரை நிற்கும். சோனு போட்ட பாட்டு அந்த வரிசையில் நிற்பவன் பாடுவது. மெட்டில் ஒரு நூல்கூட மாற்றவில்லை. அந்தச் சோகம், அந்த இழுப்பு, அந்த ஏக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. 'வயிறே, இன்னும் கொஞ்சம் பொறு. உள்ளே போனவன் வரும்வரை மானத்தை வாங்காதே.'

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்போது ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. ருக்மாபாய் தூங்கவில்லை.

"ஒரு அடியோட நிறுத்திட்டியே. ரெண்டாவது அடி எங்க?" என்றாள்.

சோனுவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அந்த ராணியை எங்க விட்டே?" என்றாள் ருக்மாபாய். "அவளையும் கூட்டியாந்து வரிசையில நிக்க வையி." பிறகு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, தாளத்துக்கு விரலால் தரையைத் தட்டி, அவளே பாடினாள். 'உள்ளே போன ராஜா பீடி பற்ற வைத்துவிட்டான். வெளியே நிற்கும் ராணி காலை மாற்றி மாற்றி வைக்கிறாள்.' கோயில் பாடகியின் குரல் அது, வயதானாலும் நூல் பிடித்தது போல இறங்கும். மூன்றாவது அடியும் போட்டாள். அதை இங்கே எழுத முடியாது. ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் அவளை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்களோ, அத்தனையும் அந்த அடியில் ராஜாவின் தலையில் விழுந்தது. நாங்கள் மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பூரண் போளி கொடுத்தபோதும் திரும்பவில்லை.

பாண்டு கதம் அதைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இது பாட்டா, பெட்ரோலா?" என்றான்.

பெட்ரோல்தான். ஷிம்கா முதல் நாளில் பரேல், இரண்டாம் நாளில் லால்பாக், பிறகு எங்கே போனது என்று எங்களுக்கே தெரியாது. டிராம் வண்டி கண்டக்டர் பாடினான். மில் சங்கு ஊதும் நேரத்தில் வாசலில் நின்றவர்கள் கதவைப் பார்த்துப் பாடினார்கள். நிஜமான கக்கூஸ் வரிசைகளில் அதைப் பாடாமல் யாரும் நிற்க முடியவில்லை. உள்ளே இருந்தவன் உள்ளிருந்தே பதில் அடி எடுத்தான். ஹோலி முடிந்தும் பாட்டு முடியவில்லை.

ஸ்டூடியோவில் தச்சன், தையல்காரன், விளக்குப் பிடிக்கிறவன், டீக்காரன் எல்லோருக்கும் அது தெரியும். எந்த மெட்டு என்பதும் தெரியும். மாஸ்தரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவர் குடியிருந்தது சிவாஜி பார்க் பக்கத்துப் புதுக் கட்டடத்தில். அங்கே ஷிம்கா கூட்டம் நுழையாது, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் உண்டு. சாரங்கிக்காரர் தினமும் அவருக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தார். புருவத்துத் தழும்பை அடிக்கடி தடவிக்கொண்டார். அவரும் வாயைத் திறக்கவில்லை.

பாட்வா அன்று மாலை முதல் காட்சி. தியேட்டர் வாசலில் மாவிலைத் தோரணம், ஷெனாய், நிஜமான குதிரையில் இரண்டு அட்டைக் கவசக்காரர்கள். மேல் பால்கனியில் சேட்டும் அவர் குடும்பமும், பத்திரிகைக்காரர்களும், ஒரு சிற்றரசரின் திவானும், நடுவில் புதுத் தலைப்பாகையில் நரஹரி மாஸ்தரும். கீழே பெஞ்சில் மில் ஜனம். சோனுவும் நானும் பெஞ்சில்தான் இருந்தோம். பாண்டு கதமின் கூட்டத்துக்கு அவள் எதுவும் சொல்லிவைக்கவில்லை. "சொல்ல வேண்டியதில்ல. தானா வரும்" என்றாள்.

படம் நன்றாகத்தான் போனது. போர் வந்தபோது கை தட்டினார்கள். ராஜா விடைபெற்றுப் போனபோது எனக்கு முன்னால் இருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். எதிரி கோட்டையை வளைத்தான். கோபுரத்தில் ராணி வந்து உட்கார்ந்தாள். விளக்கை ஏற்றினாள். சாரங்கி எழுந்தது. தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. மாஸ்தர் பால்கனியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். சோனு திரும்பவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையிலிருந்து சோனுவின் குரல் வந்தது. முதல் வரி முடியவில்லை. எங்கோ பின்னால் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். இன்னொருவன் "வயிறே" என்று மெதுவாக, நிஜமான வருத்தத்தோடு, கூடவே பாடினான். அவ்வளவுதான். பெஞ்சு முழுக்க வெடித்தது. புறங்கையால் வாயில் அடித்துக்கொண்டார்கள். ராணி கண்ணீரோடு விளக்கைப் பார்க்க, "இன்னும் கொஞ்சம் பொறு" என்று ஆயிரம் பேர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவள் எழுந்து ஜன்னலுக்கும் விளக்குக்கும் இடையில் நடந்தபோது, "காலை மாத்தி மாத்தி வைக்கிறா பாரு" என்று ஒரு பெண்குரல் கத்தியது. ராணி தீயில் இறங்கியபோது கதவு திறந்துவிட்டது என்று விசில் அடித்தார்கள்.

மேலே திவான் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சேட் எழுந்து போய்விட்டார். மாஸ்தர் மட்டும் அதே இடத்தில், கம்பியைப் பிடித்தபடி இருந்தார். ஜனங்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. அந்தப் புரியாத முகத்தைப் பார்க்கத்தான் சோனு அப்போது திரும்பினாள். விளக்கு போடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். விருந்தில் வயிறு நிறையச் சாப்பிட்டவள் முகத்தில்தான் அப்படி ஒரு திருப்தியைப் பார்க்கலாம்.

மறுநாள் காட்சிக்கு ஆட்கள் தகர டப்பாவோடு வந்தார்கள். மூன்றாம் நாள் பாட்டை வெட்டி எடுத்துவிட்டுப் படத்தை ஓட்டினார்கள். பாட்டு எங்கே என்று கேட்டு ஜனங்கள் நாற்காலியை உடைத்தார்கள். பாட்டை மறுபடி படத்தில் ஒட்டினார்கள். இரண்டு வாரத்தில் படம் பெட்டிக்குள் போனது. சேட்டால் நகைக்கடையைத்தான் காப்பாற்ற முடிந்தது. கம்பெனியை மூடினார், எங்கள் பிழைப்பும் போனது. சோனு அதற்காக ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. நரஹரி மாஸ்தர் எங்கே போனாலும், ஹார்மோனியத்தில் கை வைத்ததும் யாராவது ஒருவர் புறங்கையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். டப்பா மாஸ்தர் என்று பெயர் நிலைத்தது. நாக்பூர் பக்கம் ஒரு நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டார் என்றார்கள். அங்கேயும் அந்தப் பாட்டு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்ததாம்.

அந்த மழைக்காலத்தில் ருக்மாபாய் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் சோனு பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ பாடினாள். அபங்கம் பாடினாள், நாடகப் பாட்டு பாடினாள். விளக்குப் பாட்டைப் பாடவில்லை, ருக்மாபாய் கேட்கவும் இல்லை. கட்டடத்தில் எந்த நேரமும் யாராவது ஒருவர் அதன் இன்னொரு வடிவத்தை முணுமுணுத்துக்கொண்டுதான் போனார்கள்.

பிறகு சோனு மில் ஆட்களுக்காக லால்பாகில் சாப்பாட்டுக்கடை வைத்தாள். நானும் கூடவே இருந்து தேங்காய் அரைத்தேன். வெள்ளைக்காரன் போனான், எங்களுக்கு நரை விழுந்தது. ஒரு மதியம் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஒரு கிழவர் வாசலில் வந்து நின்றார். தலைப்பாகை இல்லை, பல்லும் பாதி இல்லை. சாப்பிட வந்தவர் என்று நினைத்து நான் இலை போட்டேன். சோனு ஒரே பார்வையில் கண்டுகொண்டாள். "உக்காருங்க மாஸ்தர்" என்றாள்.

அவர் உட்காரவில்லை. வந்த விஷயத்தை நின்றபடியே சொன்னார். ரேடியோவில் பழைய படப் பாட்டுகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வைக்கப் போகிறார்களாம். அவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நர்மதைக் கரைக் கதை பொய் என்று சொல்லிவிடப் போகிறாராம். அந்த மெட்டு யாருடையது என்று நாடு முழுக்கக் கேட்கும்படி சொல்லப் போகிறாராம். சோனு வந்து பழைய சொற்களோடு, கோயிலில் பாடியபடி, ஒரு தடவை பாட வேண்டுமாம்.

"பொழுதுக்கும் அந்தப் பாட்டு காதுல கேக்குது. ஆனா வெளக்கே வரமாட்டேங்குது, அந்தக் கருமம்தான் வருது. ஒரே ஒரு தடவை சரியாக் கேட்டுட்டுச் சாகணும்" என்றார். நடிக்கவில்லை. முதல் நாள் அட்டைச் சுவருக்குப் பின்னால் கண் கலங்கி நின்றதும் அதே மனிதர்தான்.

"யார் பாட்டுன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டாள் சோனு.

"உன் ஆயி பாட்டுன்னு."

"அவளுக்குப் பேரு இல்லையா?"

"ருக்மாபாய் மண்ட்ரேகர்" என்றார் மாஸ்தர். முழுப் பெயரையும் தெளிவாக, இழுத்து, பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

சோனு கையிலிருந்த கரண்டியை வைத்தாள். நான் அரைப்பதை நிறுத்திவிட்டேன். இவ்வளவு வருஷம் அவள் கேட்டது இது ஒன்றுதான். இப்போது வாசலில் வந்து நிற்கிறது. அவள் ஒப்புக்கொள்வாள் என்றே நினைத்தேன். அவள் உதடு அசைந்தது. பாடப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் ஒரு வரி, பிறகு மறுபடி முதலிலிருந்து. அவளுக்கும் 'வயிறே' என்றுதான் வந்திருக்க வேண்டும், நிறுத்திவிட்டாள்.

பந்தியைப் பார்த்துத் திரும்பி, சொல் எதுவும் இல்லாமல், மெட்டை மட்டும் ஒரு வரி முனகினாள். அவ்வளவுதான். மீன்குழம்பும் சோறுமாக வாய் நிறைந்திருந்த அத்தனை பேரும், அவர்களில் பாதிப் பேர் மேகாவதி வந்தபோது பிறந்துகூட இருக்கமாட்டார்கள், ஒரே குரலில் எடுத்தார்கள். வயிறே, இன்னும் கொஞ்சம் பொறு. ஒருவனுக்குப் புரையேறியது. அடுத்தவன் அவன் முதுகில் தாளம் போட்டான்.

அவர்கள் மூன்றாவது அடியையும் முடிக்கும்வரை சோனு காத்திருந்தாள். பிறகு மாஸ்தரிடம் சொன்னாள், சத்தம் போடாமல்.

"இதுக்கா எங்க ஆயி பேரை வைக்கணும்? ரேடியோவுல அவ பேரைச் சொல்வீங்க, இந்தச் சிரிப்பு நாடு முழுக்கக் கேக்கும். வேணாம் மாஸ்தர். தட்டுல உங்க பேரைத்தானே போட்டீங்க. அது உங்க பாட்டு. நீங்களே வச்சுக்குங்க."

மாஸ்தர் திரும்பி வெயிலில் இறங்கிப் போனார். சோனு அவரைக் கூப்பிடவில்லை. இரண்டாம் பந்திக்கு இலை போட்டாள், சோறு போட்டாள், உப்புக் குறைந்ததென்று ஒருவன் சொன்னதற்கு அவனைத் திட்டினாள். எல்லோரும் போனபிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் சாம்பலை எடுத்துக்கொண்டு, எதையும் தேய்க்காமல் இருந்தாள்.

"ஆயி பேரை அவன் வாயால சொல்ல வச்சேன், கேட்டியா யமுனா?" என்றாள்.

கேட்டேன் என்றேன்.

"இன்னொரு தடவ சொல்ல வச்சிருக்கலாம்டி" என்றாள்.